சக்கரத்தின் மேல் ஒரு வீடு!

நத்தை தன் வீட்டை முதுகில் சுமந்துகொண்டு போகிறது. மனிதன் அப்படிப் போக முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஓர் எழுத்தாளர். படுக்கை, சமையல், எழுத்து வேலை எல்லாம் ஒரே வண்டியில்! துணைக்கு ஒரு கிழட்டு நாய். சுமார் 10 ஆயிரம் மைல் சுற்றி வந்தார்.

அவர் பெயர் ஜான் ஸ்டீன்பெக். அமெரிக்காக்காரர். நிலத்தை இழந்து, பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்த ஏழை விவசாயிகளின் கதையை 1939-ம் ஆண்டில் நாவலாக எழுதிப் புகழ் பெற்றவர்.

ஏன் புறப்பட்டார்?

1960-ம் ஆண்டில் அவருக்கு வயது 58. மனைவி எலைனுடன் நியூயார்க்கில் வசித்து வந்தார். கையில் பணம் இருந்தது. பெயரும் இருந்தது. ஆனால் மனதில் ஒரு குறை.

அமெரிக்க மக்களைப் பற்றித்தான் அவர் எழுதுகிறார். அந்த மக்களின் பேச்சை நேரில் கேட்டோ 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. பார்க்காததை எழுதலாமா? அது பொய் அல்லவா? இந்தக் கேள்வி அவரை அரித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1959-ம் ஆண்டுக் கடைசியில் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். இனி ஓடி ஆடி வேலை செய்யக் கூடாது, ஓய்வாக இருக்க வேண்டும் என்று புத்தி சொன்னார்கள். மூலையில் முடங்கிக் கிடக்க அவர் விரும்பவில்லை. நோயாளி தனியாகப் போகிறாரே என்று வீட்டில் கவலை. என்றாலும் அவர் மனம் மாறவில்லை.

வண்டி தயார்!

ஒரு புதிய சிறிய லாரியை வாங்கினார். அதன் முதுகில் சிறு அறை ஒன்றைப் பொருத்தச் செய்தார். அறைக்குள் இருவர் படுக்கும் கட்டில். 4 அடுப்புகள். குளிர்சாதனப் பெட்டி. விளக்கு. கொசு வராதபடி வலை போட்ட ஜன்னல். எழுதுவதற்கு டைப்ரைட்டர், காகிதம், பென்சில். படிப்பதற்கு மட்டும் 150 ராத்தல் எடையுள்ள புத்தகங்கள்!

வண்டிக்கு "ரோசினான்டே" என்று பெயர் வைத்தார். ஸ்பெயின் நாட்டுக் கதையில் டான் குவிக்சோட் என்ற கிறுக்கு வீரன் வருகிறான் அல்லவா? அவன் ஏறிச் சென்ற நோஞ்சான் குதிரையின் பெயர் அது.

துணி துவைக்க ஒரு தந்திரம் செய்தார். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியை ரப்பர் கயிற்றில் கட்டி, வண்டிக்குள் தொங்கவிட்டார். அழுக்குத் துணி, தண்ணீர், சோப்புத்தூள் மூன்றையும் அதில் போட்டு மூடிவிடுவார். வண்டி குலுங்கும்; வாளியும் குலுங்கும். மாலையில் பார்த்தால் துணி வெளுத்திருக்கும்!

வண்டியைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். "நமக்கும் இப்படிப் போக முடிந்தால்!" என்ற ஏக்கம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ஒரு சிறுவன், தன்னையும் அழைத்துப் போகும்படி கெஞ்சினான். சமைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். அவனை விட்டுப் போக எழுத்தாளருக்கு மனம் கஷ்டப்பட்டது.

புயல் அடித்தது

புறப்படும் சமயத்தில், செப்டம்பர் மாதம் 12-ந் தேதி "டோனா" என்ற புயல் தாக்கியது. ஸ்டீன்பெக்கின் படகு மற்றப் படகுகளோடு சிக்கிக்கொண்டது. நோய் கண்டு எழுந்த மனிதர், கொந்தளிக்கும் தண்ணீரில் இறங்கிப் படகைக் காப்பாற்றினார். பிறகு மிதந்து வந்த ஒரு மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

புயலுக்கு அஞ்சாதவர், பயணத்துக்கு அஞ்சினார்! நாள் நெருங்க நெருங்க, வீடு அதிகச் சுகமாகத் தோன்றியது. மனைவி மேல் பாசம் பெருகியது. போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் செப்டம்பர் 23-ந் தேதி புறப்பட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சார்லி என்ற நாய். அது பாரிசுக்கு அருகே பிறந்தது. பிரெஞ்சு மொழியில் சொன்னால் உடனே கேட்குமாம். இங்கிலீஷில் சொன்னால், மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்குமாம்!

வழியிலே...

வாரத்தில் 3 நாள், கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி, வீட்டுக்கு டெலிபோன் செய்வார். மனைவிக்குக் கடிதமும் எழுதுவார். பிறருடைய நிலத்தில் தங்கினால் முதலில் அனுமதி கேட்பார். பிறகு அவர்களை வண்டிக்கு அழைத்துக் காப்பி கொடுப்பார். காப்பி உள்ளே போனால் பேச்சு வெளியே வரும். அந்தப் பேச்சுதான் அவருக்கு வேண்டியது.

நயாகரா அருகே கனடாவுக்குள் நுழையப் பார்த்தார். முடியவில்லை. சார்லிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட்ட சான்று இல்லையாம்! நாயால் வழி மாறியது.

தெற்கே நியூ ஆர்லியன்சில் அவர் கண்ட காட்சி நெஞ்சைச் சுட்டது. ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளிக்குப் போனாள். அதிகாரிகள் காவலாக வந்தார்கள். வெளியே வெள்ளைக்காரப் பெண்கள் கூடி நின்று, வாய் கூசும் வசைகளைப் பொழிந்தார்கள். அதன் பிறகு ஊர் சுற்றும் ஆசையே அவருக்குப் போய்விட்டது. வீட்டை நோக்கி வண்டியைத் திருப்பினார்.

நாடு முழுவதும் சுற்றியவர், கடைசியில் நியூயார்க்கில், தம் சொந்த ஊரில், வழி தெரியாமல் விழித்தார்! போலீஸ்காரரிடம் வழி கேட்க வேண்டியதாயிற்று.

புத்தகம் பிறந்தது

இந்த அனுபவங்கள் 1962-ம் ஆண்டில் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அதில் இருப்பதெல்லாம் உண்மையா? 2010-ம் ஆண்டில் ஒரு பத்திரிகையாளர் அதே பாதையில் போய் ஆராய்ந்தார். ஸ்டீன்பெக் பல இரவுகளை ஓட்டல்களில் கழித்தார், பல நாட்கள் மனைவியும் கூட இருந்தார், சில உரையாடல்கள் கற்பனை என்று எழுதினார். கதை எழுதும் கை, பயணம் எழுதும்போதும் சும்மா இருக்கவில்லை போலும்!

ஆனால் 58 வயதில், நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வண்டி ஏறியது கற்பனை அல்ல. 1968-ம் ஆண்டில் அவர் மறைந்தார். அந்தப் பச்சை வண்டி, அவர் பிறந்த சலினாஸ் நகரில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் நிற்கிறது.