கப்பலேறிய பாட்டனார்

சரித்திர பாடம் தொடங்குமுன் ஒருநாள் வகுப்பில், "உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஒரு பையனாவது எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், "ஸார், உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாது.

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். ஒரு கோப்பையின் அடியில் முத்திரை இருந்தால், அது எந்தச் சூளையில் வெந்தது என்று நூறு வருஷம் கழித்தும் சொல்லிவிடலாம். மனிதருக்கு அப்படி முத்திரை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது இந்த நாட்டில் இல்லை. இந்து மஹா சமுத்திரத்தின் நடுவே, மொரீஷியஸ் தீவில் இருக்கிறது. அங்குள்ள தமிழர் பலர் ஐந்தாவது தலைமுறைப் பாட்டனாரின் பெயரை மட்டுமல்ல, அவருடைய உயரத்தையும், உடம்பிலிருந்த தழும்பையுங்கூட ஏட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியும். அந்த ஏடு எப்படி உண்டாயிற்று என்பது ஒரு சோகக் கதை.

தமிழர் அத்தீவுக்குப் போனது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1730-களிலிருந்தே புதுச்சேரிப் பக்கத்துத் தொழிலாளிகள் அங்கே சென்று போர்ட் லூயி நகரைக் கட்ட உதவினார்கள். ஆனால் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் போகத் தொடங்கியது பிறகுதான். 1835-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி அங்கே அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அதற்கு முன்பே வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள். 1834 நவம்பர் 2-ந் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டு வந்து இறக்கியது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 4,50,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். அதற்கடுத்தபடி சென்னை வழியாக.

நம் பக்கத்துக் குடியானவன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தது, கடன் ஏறியது. சந்தையில் ஒரு மேஸ்திரி நல்ல வார்த்தை சொன்னான். ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், அரிசியும் பருப்பும் துணியும் தனி. நம்மவன் கைநாட்டு வைத்தான்.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி ஒன்றுமில்லாமல் கயிற்றாலேயே தைத்த மசூலாப் படகில் ஏறி, அலைகளைத் தாண்டிப் போக வேண்டும். கடலையே பார்த்திராதவனுக்கு அந்த அரை நாழிகையே ஒரு யுகம். அப்புறம் பாய்மரக் கப்பலின் அடித்தட்டு. காற்று அநுகூலமாயிருந்தால் ஒரு மாதம். இல்லாவிட்டால் இன்னும் அதிகம். அளந்த சோறு, அளந்த தண்ணீர். நோய் கண்டுவிட்டால் போக்கிடமில்லை. 1856-இல் காலராவுடன் வந்த இரண்டு கப்பல்களின் ஜனங்களைக் கரையேற விடாமல் காப்ரியேல் என்ற சிறு தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

தப்பிப் பிழைத்தவன் போர்ட் லூயி துறையில் பதினாறு கற்படிகள் ஏற வேண்டும். 'ஆப்ரவாஸி காட்' என்று இன்று வழங்கும் அந்த இடம் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. படியேறியவனுக்கு அங்கே ஓர் எண் கிடைத்தது. குமாஸ்தா ஏட்டைத் திறந்து எழுதினான்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, கிராமம். 1860-களிலிருந்து புகைப்படமும் சேர்ந்தது.

எதற்காக இவ்வளவு சிரத்தை? அன்பினாலா? ஓடிப்போனால் பிடிப்பதற்காக! ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ஒப்பந்தம் முடிந்த பிறகுங்கூட, 1867-ஆம் வருஷச் சட்டத்தின்படி, படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். சீட்டு இல்லையென்றால் சிறை. இந்த அநீதியை எதிர்த்து 1871-இல் 9,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டு விண்ணப்பம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஐரோப்பியர் அடால்ப் டி பிளெவிட்ஸ் தோட்ட முதலாளிகளின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டார். மறு வருஷம் ராயல் கமிஷன் வந்தது.

விலங்காகச் செய்த ஏடு இன்று சாவியாகிவிட்டது. மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் அந்த ஏடுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் அங்கே போய்ப் பாட்டனாரின் எண்ணைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் கண்ணீர் விடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறப்பதில்லை. தமிழறியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். வீரப்பன் என்றும் முத்துசாமி என்றும் இறங்கிய தனி மனிதரின் பெயர் வம்சத்துக்கே குடும்பப் பெயராயிற்று. ஊர்ப் பெயரின் கதி இன்னும் மோசம். பழைய ஆங்கிலச் சரித்திர நூலில் 'வெர்தாசெலம்' என்று காணும் ஊர் எங்கள் விருத்தாசலந்தான்! கோபுரமும் கோட்டை மதிலும் உள்ள ஊருக்கே இப்படியென்றால், முப்பது வீடுள்ள ஒரு குக்கிராமம் என்ன ஆகியிருக்கும்? ஏட்டிலுள்ள ஊரைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

அப்படிப் போனவர்களின் பிள்ளைகளை நாம் மறந்தாலும் அவர்கள் நம்மை மறக்கவில்லை. சென்னை ராஜதானியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மொரீஷியஸில் 1875-இல் பிறந்தவர் தம்பி நாயுடு. அதுவரை இந்தியாவையே பார்த்திராத அவர்தாம், 1908-இல் டிரான்ஸ்வாலில் காந்தியடிகளுடன் சிறை புகுந்தார். இன்றும் அத்தீவில் தைப்பூசத்தன்று பொது விடுமுறை; ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது.

அவர்கள் பக்கத்து ஏடு அங்கே இருக்கிறது. நம் பக்கத்து ஏடு எங்கே? வீட்டுக் கிழவிகளின் நினைவில்தான். அவர்கள் போனால் அதுவும் போய்விடும். எனவே பையன்களிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒவ்வொருவனும் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன்.

என்னை மடக்கிய அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டு வந்தான். ஐந்து தலைமுறை எழுதியிருந்தான். நாலாவது தலைமுறையில் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். அண்ணன் பெயர் இருந்தது. தம்பியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தான்: "இவர் கப்பலேறிப் போனார்."

அந்தப் பெயர் ஒருவேளை சமுத்திரத்துக்கு அப்பால் ஓர் ஏட்டில், ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் காத்திருக்கலாம். நேயர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.