உங்களுக்குத் தெரியுமா? வாவிக்கரை மண்ணுக்குள் உலோகம்!

மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர்! கடலோடு சேரும் வாய்கள் இரண்டே இரண்டு! வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் மணல் திட்டு அவற்றையும் அடைத்துவிடும். நகரம் கழுவிவிடும் உலோகம் எங்கே போகும்? பெரும்பகுதி சேற்றிலேயே தங்கிவிடும்!

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுபோனது. வீதியோரத்தில் அதுவரை படிந்த ஈயம்? மக்காது! மேல்மண்ணின் சில அங்குலத்துக்குள்ளேயே ஒட்டிக் கிடக்கும். கல்முனை வீதியானாலும் சரி, பாரிஸ் வீதியானாலும் சரி!

அந்தப் பெற்றோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021இல்! அதற்கான ஈய மருந்தைக் கண்டுபிடித்தது 1921இல். ஒரு நஞ்சை விட்டொழிக்க உலகத்துக்கு 100 ஆண்டு!

வீச்சு வலையின் அடி விளிம்பைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? மணிமாலை கோத்ததுபோல வரிசையாக ஈயக் குண்டுகள்! ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் ஈயத்தை நிரப்பினால் எடை 11 கிலோவுக்கு மேல்! உருக்க 327 பாகை செல்சியஸ் போதும். வீட்டு விறகு அடுப்பே தாராளம்! அப்படி உருக்கும்போது எழும் புகையும் தூசும் படிவது குழந்தை தவழும் முற்றத்தில்!

ஓட்டோ ரயரில் நூற்றுக்கு ஒரு பங்கு துத்தநாகம்! ரயர் தேயத் தேய அது வீதியில் உதிரும். முதல் மழையில் வடிகானுக்குள் இறங்கும். அப்புறம் வாவிக்கு!

குப்பையைக் கொளுத்தினால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பா? உலோகம் எரிந்து மறையவே மறையாது! சாம்பலில் இன்னும் செறிவாக நிற்கும். திருப்பெருந்துறைக் குப்பை மேட்டுத் தீயின் புகையை முகர்ந்தவர்கள் இதை மறக்கவே கூடாது!

படுவான்கரை விவசாயிகளே, இது உங்களுக்கு! வயலில் தண்ணீர் நிற்கும்வரை கட்மியம் என்னும் நச்சு உலோகம் மண்ணில் கட்டுண்டு கிடக்கும். தண்ணீரை வடித்தால் அவிழ்ந்து நெல்லுக்குள் ஏறும்! ஆசனிக் நஞ்சுக்கோ நேர் எதிர்: தண்ணீர் நின்றால்தான் ஏறும்! ஒன்றைத் தடுத்தால் மற்றது வரும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் கட்மியம் ஏறிய அரிசியைத் தின்றவர்களுக்கு இருமினாலே எலும்பு முறிந்தது! சுரங்கக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்ட ஆண்டு 1968! உடலுக்குள் போன கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு!

நியூ கலிடோனியாவில் ஒரு மரம் உண்டு. வெட்டினால் நீலப்பச்சைப் பால் வடியும்! அந்தப் பாலை உலர்த்தினால் நாலில் ஒரு பங்கு நிக்கல்! மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சும் மரம்!

வீட்டு வளவு மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் வரை பரவாயில்லை என்றிருந்தது அமெரிக்கா. 2024இல் அதை 200 ஆகக் குறைத்தது! ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்!

யுனிசெப் 2020இல் சொன்ன கணக்கு தெரியுமா? உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம். ஏறக்குறைய 80 கோடிப் பிள்ளைகள்!

பிள்ளைகள் மண்ணில் விளையாடட்டும்; சாப்பிடுமுன் கையைத் தேய்த்துக் கழுவட்டும். வீதியோரம் பறித்த கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பழுதான பற்றறியை முற்றத்தில் மட்டும் உடைக்காதீர்கள்! ஒரு கார் பற்றறியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்!