இன்ஜெரா, குர்ஷா, இதிர்: எத்தியோப்பியாவில் ஒரு கணக்கு வாத்தியார்

எங்கள் பெரியப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனவர். சின்ன வயசில் எங்களுக்கு அவர் "ஆப்பிரிக்கா பெரியப்பா". அவ்வளவுதான் தெரியும். போன வருஷம் வீடு மாற்றும்போது டிரங்குப் பெட்டியில் அவருடைய மூன்று நோட்டுகள் கிடைத்தன. டைரின்னு சொல்ல முடியாது, வரவு செலவுக் கணக்குதான். ஆனால் நடுநடுவே யார் வீட்டில் என்ன சாப்பிட்டார், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். அதை வைத்து பெரியம்மாவிடம் கேட்டதும், நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1941-ல் இத்தாலிய ஆக்கிரமிப்பு முடிந்து பேரரசர் ஹேலி செலாசி திரும்பி வந்தபோது நாட்டில் படித்தவர்கள் மிகக் குறைவு. பள்ளிகளைத் திறந்தார்கள், பாடம் நடத்த ஆள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அதில் இந்தியர்கள் நிறைய. பெரும்பாலும் கேரளத்துக்காரர்கள், கூடவே நம்மவர்களும் உண்டு. அந்தத் தலைமுறை எத்தியோப்பியர்களிடம் பேசினால், "எனக்கு இந்திய வாத்தியார்தான் கணக்கு சொல்லிக் கொடுத்தார்" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார்.

பெரியப்பா போனது கோஜம் பகுதியில் தெப்ரெ மார்க்கோஸ் என்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். முதல் நோட்டின் முதல் பக்கத்திலேயே "பருப்பு வேகவில்லை" என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலும் அதேதான்!

வேகாத பருப்போடு எத்தனை நாள் போராடுவது? அக்கம்பக்கத்தில் சாப்பிட ஆரம்பித்தார். அங்கே மூன்று வேளையும் இன்ஜெரா. நம்ம ஆப்பத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெஃப் என்று ஒரு தானியம், கடுகைவிடச் சின்னது. அதை மாவாக்கி, கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். புளித்த மாவின் மேல் மஞ்சளாக நீர் தெளியும். அதற்கு எர்ஷோ என்று பெயர். அதை எடுத்து வைத்து அடுத்த மாவுக்கு உறை ஊற்றுவார்கள். பெரிய மண் கல்லில் வட்டமாக ஊற்றி மூடி வைத்தால், மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாக வரும். ஓட்டைகளை அவர்கள் 'கண்' என்கிறார்கள். நிறையக் கண் இருந்தால் நல்ல இன்ஜெரா. திருப்பிப் போடுவது கிடையாது.

பெரியம்மா ஒரு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். ஊரிலிருந்து கொண்டு போன உளுந்தில் இட்லி மாவு அரைத்தால் அந்தக் குளிருக்குப் பொங்கவே இல்லையாம். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒரு கரண்டி எர்ஷோவை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் இட்லி எழும்பியது. "கொஞ்சம் கூடுதலாப் புளிச்சுது, ஆனா இட்லிதான்" என்றார் பெரியம்மா.

எங்கள் வீட்டில் சுத்த சைவம். கறிக்குப் பேர்போன நாட்டில் எப்படிச் சமாளித்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விடை நோன்பில் இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் கறி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய நோன்பு. இன்னும் பல நோன்புகள் உண்டு. எல்லாம் கூட்டினால் வருஷத்தில் பாதிக்குக் குறையாது. அந்த நாட்களில் கடலை மாவில் செய்த ஷிரோ, மைசூர்ப் பருப்பில் காரமான மிசிர் வெத், மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை என்று நமக்குப் பழகின சாப்பாடுதான். ஓட்டலில் போய் "யெத்ஸோம்" என்று சொன்னால் போதும், நோன்புச் சாப்பாடு வரும். செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டால்தான் முழிப்பார்கள். எந்நேரமும் நோன்புச் சாப்பாடே கேட்டதால் பெரியப்பாவைத் துறவி என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். பெரியம்மா போய் இறங்கிய பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

நேரக் கணக்கும் அங்கே வேறு. சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம்ம காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நாழிகைக் கணக்கு தெரிந்த நம் தாத்தாக்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். பி.எஸ்சி. கணிதம் படித்த பெரியப்பாவுக்குப் புரியவில்லை. ஒரு மணிக்கு விருந்து என்று ஒரு சக ஆசிரியர் கூப்பிட, உச்சி வெயிலில் போய் நின்றிருக்கிறார். விருந்து ராத்திரி ஏழுக்கு. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் உட்கார வைத்து காப்பி போட்டார்கள்.

அங்கே காப்பி போடுவது என்றால் பச்சைக் கொட்டையிலிருந்து தொடங்குவது. வந்தவர் முன்னால் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவரிடமும் காட்டி, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பியிருக்கும், சாம்பிராணி புகையும், சோளப்பொரி வரும். அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதை இல்லை. ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். பெரியப்பா அம்ஹாரிக் பேசக் கற்றது இங்கேதான். எழுத்து அவருக்குச் சுலபமாக வந்ததாம். மெய்யோடு உயிர் சேர்ந்து வடிவம் மாறும் நம்ம உயிர்மெய் மாதிரியேதான் அங்கேயும், ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம்.

எல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். எச்சில். அங்கே எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பெரிய இன்ஜெராவை விரித்து மேலே குழம்புகளை வைத்து, சுற்றி உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடுவது. போதாததற்குக் குர்ஷா வேறு. ஒரு கவளம் உருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டிவிடுவது. அன்புக்கும் மரியாதைக்கும் செய்வது அது. ஒன்றோடு நிறுத்தினால் சண்டை வரும் என்று பழமொழியே இருக்கிறது. பெரியப்பா ஒவ்வொரு முறையும் வயிறு சரியில்லை என்று சொல்லித் தனித்தட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷம் எப்படித்தான் நம்பினார்களோ! நம்பியிருக்க மாட்டார்கள், விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நோட்டில் மாதாமாதம் வரும் ஒரு செலவு 'இதிர்'. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. எத்தியோப்பியாவில் இக்குப் என்று ஒன்று உண்டு, அது நம்ம குலுக்கல் சீட்டுதான். இதிர் வேறு. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சாவுச் சங்கம். மாதம் ஒரு சின்னச் சந்தா. சங்கத்துக்குச் சொந்தமாகக் கூடாரம், பெஞ்சு, அண்டாக்கள் இருக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் சங்கமே பந்தல் போட்டு, சமைத்து, கூட உட்கார்ந்து இருக்கும். பணம் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. சாவுக்கு வராவிட்டால் அபராதம். வீட்டுக்கார அம்மா வற்புறுத்திச் சேர்த்துவிட்டிருக்கிறார். அவரைத் தெருவே எமாமா என்றுதான் கூப்பிடும், நாம் வயசானவர்களை அம்மா என்கிற மாதிரி. முதல் மாதச் சந்தாவுக்கு எதிரே பெரியப்பா எழுதியிருப்பது: "வீண்."

மூன்றாவது வருஷம் எங்கள் அப்பத்தா இங்கே தவறிப்போனார். தந்தி பள்ளிக்கூடத்துக்குப் போனது, மாலையில். அதை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. மறுநாள் விடியுமுன் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறந்தால் இருட்டில் பத்திருபது பேர், வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு. எமாமா முன்னால் நிற்கிறார். அங்கே இதற்கு மெர்தோ என்று பெயர். தூர ஊரில் நடந்த சாவை ஒருவருக்குத் தனியாக, எழுத்தில், பட்டப்பகலில் தெரிவிக்கக் கூடாது. நெருங்கியவர்கள் கூட்டமாகப் போய், விடியற்காலையில், நேரில்தான் சொல்ல வேண்டும். விழுந்தால் தாங்க ஆள் இருக்கணும் இல்லையா.

பெரியப்பாவுக்கு முதலில் கோபம். என் தந்தியை ஒரு ராத்திரி எப்படி மறைத்து வைக்கலாம் என்று கத்தியிருக்கிறார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தந்தி வந்த நேரத்துக்கே இங்கே காரியம் முடிந்துவிட்டது. அவர் அந்த ராத்திரியே கிளம்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் தலைக்குக் குளித்துவிட்டு வரும்வரை எல்லோரும் வாசலில் நின்றார்கள். பிறகு கூடாரம் வந்தது. மூன்று நாள் தெரு முழுக்க அங்கேதான். பெரியம்மாவை அடுப்புப் பக்கமே விடவில்லை. நம்ம ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அங்கே தெரு கொண்டுவந்தது. நோன்பு நாள் இல்லாதபோதும் இவருக்காக ஷிரோவும் பருப்புமே சமைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மதியம் வரை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எமாமா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி வாய்க்கு நேரே நீட்டியிருக்கிறார். பெரியப்பா வாயைத் திறந்தார். "எத்தனை வாய் ஊட்டினாங்கன்னு நான் எண்ணலை, உங்க பெரியப்பாவும் எண்ணியிருக்க மாட்டார்" என்கிறார் பெரியம்மா.

நோட்டில் அந்த வாரம் முழுக்க வெறும் பக்கம். கணக்கு எதுவும் இல்லை. அதற்கப்புறம் இதிர் செலவு ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஊர் திரும்பிய மாதத்துப் பக்கத்தில், அவர் அங்கே இருக்கப்போகாத அடுத்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துச் சந்தா கட்டியதாகக் குறித்திருக்கிறார்.