ஒரே கடவுள், வேறு வேறு வாசல்கள்

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்துக்கு வெளிநாட்டவர் தேடி வருவது பெரும்பாலும் ஒரு கல்லறையைப் பார்க்க. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு தோட்ட பங்களாவில் காலமாகி இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் இதே மண்ணுக்கு வந்து சேர்ந்தார்.

இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாருக்கும் அந்தக் கணவரின் பெயர் புதிதல்ல. கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயர் இவருடையதுதான். நீதிமன்றத்தின் முன் ஐரோப்பியருக்கு ஒரு நியாயம், உள்நாட்டவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது என வாதாடியவர் அவர். 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அவருடைய பரிந்துரைகளின் மேல்தான் எழுந்தது.

பின்னாளில் அவரே கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரானார். அந்தக் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பித் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்த மக்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற்சட்டம் அவர்களைச் சமமான மனிதராக நடத்தவில்லை. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. கடனைக் காட்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 வரை நீடித்தது. சமநீதி பேசிய ஒருவரின் காலடியிலேயே இப்படியொரு ஏற்பாடு வேரூன்றியதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

ஜூலியாவின் படங்களிலும் இதே முரண்பாடு தெரிகிறது. இங்கிலாந்தில் அவர் டெனிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் படமெடுத்தார். வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக உட்காரவைத்தார். பணிப்பெண்ணின் முகத்தில் தெய்வத்தாயைக் கண்ட அந்தப் பக்தி உண்மையானது. இலங்கைக்கு வந்த பின் எடுத்த படங்களில் எஞ்சியவை சில பத்து மட்டுமே. அவற்றில் இருக்கும் உழைப்பாளிகளிலும் பெண்களிலும் சிலர் நேராகக் கமராவைப் பார்க்கிறார்கள். ஆனால் தலைப்பில் பெயர் இல்லை. ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பதோடு சரி.

கோப்பிக் காலத் துரைமாரில் பலர் மெய்யாகவே பக்தி உள்ளவர்கள். 1854இல் தோட்டத் தொழிலாளருக்குச் சுவிசேஷம் சொல்ல ஒரு மிஷன் தொடங்கியபோது அவர்களே பணம் கொடுத்தார்கள். உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்; பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்களில் முதன்முதலாகப் படித்தவர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்தான். இந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனாலும் மிஷனுக்கு வைத்த பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்ல வந்த சபை, கேட்க வந்தவரைக் கூலி என்றே அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை துரைமாருக்கு ஆங்கில ஆராதனை. தோட்டத்துச் சனங்களுக்கு உபதேசியாரின் தமிழ் ஜெபம். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது துரை துரைதான், ஆள் ஆள்தான்.

வெள்ளைக்காரரோடு நிறுத்திவிட்டால் இந்தக் கதை பாதிக்கதை. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாவுக்குத் துரையை அழைத்து மாலை போட்டு, பரிவட்டம் கட்டி முன்வரிசையில் உட்காரவைத்த வழக்கம் வெகுகாலம் இருந்தது. அதே கோயிலில் பறையோசை இல்லாமல் கரகம் பாலிக்க முடியாது. ஆனால் கரகம் பாலித்து முடிந்ததும் பறை அடித்தவருக்கு இடம் வாசலுக்கு வெளியேதான் என்று பல தோட்டங்களில் எழுதாத சட்டம் இருந்தது. ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே தராசில் நிறுத்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் மக்கள் இவர்கள். லயத்து வாழ்க்கை தீண்டாமையின் பல விதிகளைத் தானாகவே உடைத்துவிட்டது. உடையாமல் நின்றவை இரண்டு: கலியாணமும் கோயில் முதல் மரியாதையும். தோட்டங்களில் தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர். ஜெயராமன், கடல் கடந்த பிறகும் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதை 1975இல் ஒரு நூலாகவே எழுதினார். ‘அம்மாவுக்கு எல்லாரும் பிள்ளைகள்’ என்று கைகூப்பும் அதே வாய்தான் ‘அவுங்க வேற ஆளுங்க’ என்றும் சொல்லியது.

இந்த முரண்பாட்டை ஒரே மனிதரில் பார்க்க வேண்டுமானால் சி. சுந்தரலிங்கத்தைப் பார்க்கலாம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் டி. எஸ். சேனநாயக்க விளக்கம் கேட்க, பதவியையே துறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய வந்தபோது அவர்களை மறித்து நின்றவர்களின் முன்னணியிலும் அவரே நின்றார். சைவத்தைக் காப்பதாகவே அவர் நம்பினார். தோட்டத்துத் தமிழருக்கு நாட்டின் வாசலைத் திறக்கச் சொன்னவருக்கு, அயலூர்த் தமிழருக்குக் கோயில் வாசலைத் திறக்க மனம் வரவில்லை.

பிரஜாவுரிமையைப் பறித்த பாராளுமன்றத்தில் பன்சலைக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். 1964 அக்டோபரில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. சிவனொளிபாத மலைக்கு நான்கு மதத்தவரும் ஏறுவதைப் பெருமையாகச் சொல்லும் நாடு, அந்த மலையின் அடிவாரத்து மக்களை 1977இலும் 1981இலும் 1983இலும் அடித்து விரட்டியது.

எதிர்த்து நின்ற விசுவாசிகளும் உண்டு. இயேசு சபைத் துறவியான பால் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை ஆரம்பித்தார். தோட்ட மக்களின் பிரச்சினையை நாட்டின் பிரச்சினையாகப் பேச வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1979இல் உருவான இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் லயத்துக்குப் போனவர்.

நாடற்ற நிலையை முடித்துவைத்த சட்டம் 2003இல்தான் வந்தது. காணியும் முகவரியும் இன்னும் பலருக்கு வரவில்லை. அதனால்தான் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டான 2023இல், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் ஒரு நடைபயணம் நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர்களில் சிவில் அமைப்புகளோடு இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. அவர்கள் கேட்டது வீடு, காணி, கௌரவமான சம்பளம், மற்றவர்களுக்கு உள்ள அதே குடியுரிமை.