உங்களுக்குத் தெரியுமா? கேட்ட விலையிலிருந்து பின்வாங்கலாம்!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏல மையம் இருக்கிறது. இடுக்கி மலைகளில் விளையும் காய் இங்கே லாட் லாட்டாக விலைபோகிறது. வியாபாரிகள் மாதிரியைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் விலையை ஏற்றுகிறார்கள்.

இதில் ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு வைப்பவர் யார்? சரக்கைக் கொண்டுவந்த விவசாயிதான் என்று பலரும் நினைப்பார்கள். சட்டம் தலைகீழாகச் சொல்கிறது. சரக்கை ஏலத்தில் வைப்பது வெறும் அழைப்பு. வியாபாரி கேட்கும் விலைதான் முன்மொழிவு. ஏலம் விடுபவர் முடித்து அறிவிப்பது ஏற்பு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி, சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கமான வேறு முறையில் விற்பனை முடிந்ததென அறிவிக்கும்வரை, கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். ஒவ்வொரு லாட்டும் தனி ஒப்பந்தம்.

வாபஸ் வாங்கும் இந்த விதிக்கு வேர் 1789-இல், இங்கிலாந்தில். கேவ் என்பவர் சாராயம் வடிக்கும் சாதனம் ஒன்றை 40 பவுண்டுக்குக் கேட்டார். அதுவே உச்ச விலை. சுத்தியல் விழுமுன் வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார். பிறகு அது 30 பவுண்டுக்குத்தான் போனது. விற்க வந்த பெய்ன் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். பாவம்தான்!

அதே 64-வது பிரிவுப்படி, விற்பவரே ஆள் வைத்துப் பொய்யாக விலையை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம்: ஏல நிபந்தனையில் வேறு விதமாக எழுதியிருக்கலாம். படித்துவிட்டு விலை கேளுங்கள்.