கைக்குழந்தைகளின் விழி நடுக்கம்

சில கைக்குழந்தைகளின் கருவிழிகள் ஓரிடத்தில் நில்லாமல், தொட்டிலைப் போல் இப்புறமும் அப்புறமும் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும். இதைத் திருஷ்டி தோஷமென்று மந்திரிப்பதும், கண்ணில் பச்சிலைச் சாறு பிழிவதும் கிராமங்களில் உண்டு. மந்திரிப்பதால் வீணாவது நாள் மாத்திரமே. சாற்றினால் கண்ணே புண்ணாகலாம். வைத்தியர்கள் இதனை நிஸ்டாக்மஸ் என்பர். நாம் விழி நடுக்கம் எனலாம்.

பிறந்த சில வாரங்கள் வரை குழந்தையின் பார்வை அலைவது இயற்கையே. மூன்று மாதத்திற்குள் அது தாயின் முகத்தை நிலையாய் நோக்கவும், கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடரவும் வேண்டும். விழி நடுக்கமோ பெரும்பாலும் 6 வாரத்திற்கும் 6 மாதத்திற்கும் இடையில் தோன்றுவது. விழியை ஓரிடத்தில் நிறுத்த மூளைக்குத் தெளிவான பார்வை வேண்டும். அஃதின்றேல் விழி பிடிப்பின்றி ஆடும். ஆகவே, பல குழந்தைகளிடத்தில் ஆட்டமே வியாதியன்று. உள்ளிருக்கும் குறையின் அறிகுறியாம்.

அக்குறைகளுள் அங்கத்தினர்கள் முக்கியமாய் அறிய வேண்டியது பிறவிக் கண்புரை. கண்ணின் நடுவே கறுத்திருக்க வேண்டிய பாவை வெளுத்துத் தோன்றும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை காண்பதும் இதற்கு ஒரு காரணம். அதற்குத் தடுப்பூசி உண்டு. இரு கண்களிலும் அடர்ந்த புரை இருப்பின், பிறந்து சுமார் இரண்டு மாதத்திற்குள் சஸ்திர சிகிச்சை செய்தல் நலம். பார்க்கக் கற்கும் பருவம் கடந்தபின் புரையை எடுத்தாலும் முழுப்பார்வை வருவதில்லை. சங்கத்துக் கடனில் தவணை தவறினால் அபராத வட்டி கட்டி மீளலாம். இந்தத் தவணைக்கு அவ்வழியுமில்லை.

தோலும் மயிரும் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும், விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ பழுதுள்ள குழந்தைகளுக்கும் இந்நடுக்கம் உண்டாகும். இவற்றுள் சில, நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அதிகம். கண்ணில் யாதொரு பழுதுமின்றி வருவதும் உண்டு. அவ்வகைக்குக் காரணமான ஒரு மரபணு 2006-ம் வருஷத்தில் கண்டறியப்பட்டது. அது பெரும்பாலும் தாய் வழியாய் ஆண்மக்களைச் சேர்கிறது. இதைக் கேட்டு மருமகளை ஏசப் புகும் மாமியார்மார், எவரும் தம் மரபைத் தாமே தேர்ந்து பிறப்பதில்லை என்று அறிவார்களாக.

தலையாட்டமும் கழுத்துச் சாய்வும் சேர்ந்து வரும் ஒரு வகை சில வருஷங்களில் தானே அடங்கும். ஆயினும் மூளையில் தோன்றும் கட்டியும் இதே வேஷம் பூணுமாதலால், பரீக்ஷை செய்யாமல் இருத்தல் கூடாது. விழிகள் நாலா திசையிலும் துள்ளினாலோ, ஆட்டம் திடீரென்று தொடங்கினாலோ அன்றே ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். சென்னைக்கு அருகிலிருப்போர்க்கு 1819-ல் தோன்றிய எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பிறவி முதல் நடுக்கமுள்ள குழந்தைக்கு உலகம் ஆடுவதாகத் தோன்றுவதில்லை. வளர்ந்தபின் அது தலையைச் சாய்த்துப் பார்ப்பின், அந்நிலையில் ஆட்டம் குறைந்து பார்வை தெளிவதே காரணம். உபாத்தியாயர்கள் அதனைத் தலை நிமிரச் சொல்லி அதட்டாமல், முன் வரிசையில் அமர்த்துவார்களாக.