ஹோம் தியேட்டர் ரிசீவர் பழுதா? புதியது வாங்கும் முன் யோசியுங்கள்

குனோங் ராபாட்: தீபாவளி நெருங்கும் வேளையில் வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவர் திடீரென்று ஊமையாகிவிட்டால், புதியது வாங்கிவிடலாம் என்ற பேச்சுதான் முதலில் எழும். தவணைக்குக் கிடைப்பதால் முடிவும் விரைவாகிவிடும். ஆனால், கெட்டுப்போனது எது என்று தெரியாமல் எடுக்கும் முடிவு மாதச் சம்பளத்தைப் பல மாதங்களுக்குக் கடித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ரிசீவரைப் போட்டதும் 'டக்' என்ற ஒலியுடன் அணைந்துவிட்டால், அது செத்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயரின் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலே இப்படி நேரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றுங்கள். பிறகு மீண்டும் போட்டுப் பாருங்கள். இப்போது அணையாமல் நின்றால் கோளாறு வயரிலோ ஸ்பீக்கரிலோதான். அதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. வயர்களைக் கழற்றிய பின்னும் அணைந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது.

வானொலி நன்றாகக் கேட்கிறது, தொலைக்காட்சியின் ஒலி மட்டும் வரவில்லை என்றால், எச்டிஎம்ஐ கேபிளையோ அந்தப் பலகையையோ சந்தேகிக்கலாம். முதலில் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால், தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியே ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொடுக்கலாம். படம் நேராகத் தொலைக்காட்சிக்கே போகட்டும். பலகையை மாற்றாமலேயே 5.1 ஒலி கிடைக்கக்கூடும்.

மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்று கேள்விகள்

கோளாறு உள்ளே என்று தெரிந்தபின் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

முதலாவது, செலவு. பழுதுபார்க்கும் கூலி, அதே தரமுள்ள புதிய ரிசீவரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே நல்லது என்பது பொதுவான கணக்கு. புதியது 2,000 ரிங்கிட் என்றால் எல்லை 1,000 ரிங்கிட். ரிலே, உருகி, மின்தேக்கி போன்றவை சிறிய பாகங்கள். அவற்றை மாற்றுவது பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். மின்னல் தாக்கிப் பல பலகைகள் ஒரே நேரத்தில் போயிருந்தால் கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது, உதிரிபாகம். ஜப்பானின் ஒன்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2022 மே மாதம் திவாலானது. ஒன்கியோ என்ற பெயர் இன்று வேறு நிறுவனத்தின் கையில் சந்தையில் இருக்கிறது. ஆகவே, பெயரைப் பார்த்து மட்டும் நம்பிவிடாமல், உங்கள் மாடலுக்குரிய பலகை கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது, தேவை. படப் பெட்டியை நேராகத் தொலைக்காட்சியில் மாட்டினால் 4கே படத்துக்குப் பழைய ரிசீவர் தடையாக இருக்காது. 'பழசாகிவிட்டது' என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ரிசீவருக்குப் பதில் சவுண்ட்பார் வாங்கினால், வீட்டில் இருக்கும் பழைய ஸ்பீக்கர்களை அதில் மாட்ட முடியாது. அவையும் வீணாகிவிடும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் வெளிக்கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். காலம் முடிந்திருந்தாலும் பயனீட்டாளருக்கு உரிமை உண்டு. விற்கும்போதே மறுத்து அறிவித்திருந்தாலொழிய, பழுதுபார்ப்பு வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்.

கடையில் கொடுக்கும் முன் உத்தேசச் செலவை எழுத்தில் வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

மறுபடியும் கெடாமலிருக்க

ஈப்போ வட்டாரத்தில் மாலை நேர இடி மின்னல் புதிதல்ல. வானம் இருட்டும்போதே பிளக்கையும் ஆண்டெனா அல்லது டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ரிசீவர் மேல் துணியோ டிகோடரோ வைக்க வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதைக் குப்பையில் வீசவோ எரிக்கவோ கூடாது. மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். ஆனால், அதற்கு முன் ஸ்பீக்கர் வயரை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிட வேலை, பல மாதத் தவணையை மிச்சப்படுத்தக்கூடும்.